கனவு வராத மாப்பிள்ளை

ஜனவரி 2, வியாழன்

ஃபோம் கம்பெனிக்காரர் வருடா வருடம் கொடுக்கிற டைரி இந்த வருடமும் வந்துவிட்டது. வழக்கமாக அதைப் பக்கத்து டீக்கடைக்காரர் தலையில் கட்டிவிடுவேன். இந்த முறை மேனகா பிடுங்கிக்கொண்டாள். மேனகா என் மனைவி. கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. நாற்பத்திரண்டு வயதில் நடந்த முதல் கல்யாணம் என்பதால் ‘என் மனைவி’ என்று எழுத இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

“தலைமாட்டுல வெச்சுக்கங்க. முழிச்ச ஒடனே கனவை எழுதிப்போடோணும். பல்லு வெளக்கறதுக்குள்ள மறந்து போயிருமுங்க” என்றாள்.

எழுதுவதற்குக் கனவு வேண்டுமே. எனக்கு ஒன்று கூட வந்ததில்லை. தலையணையில் தலை படுவது தெரியும், அப்புறம் விடிந்ததுதான் தெரியும். இத்தனைக்கும் கோபிசெட்டிபாளையத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் மெத்தை வாங்கிப்போனவர்கள் எல்லாம் அதில் படுத்து என்னென்னவோ கனவு காண்கிறார்கள். கடைக்காரனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

டைரியைக் கடைக்குக் கொண்டுவந்து மேசை டிராயரில் போட்டுவிட்டேன். கனவு எழுதாவிட்டால் போகிறது, மற்றதை எழுதலாம்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று காலை ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான்.

மேனகாவின் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் ஒருவருக்கொருவர் கனவைச் சொல்லியாக வேண்டும். அவள் கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை, போனுக்கு மாறிவிட்டது. அத்தாணிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் மாமனார் நாச்சிமுத்து தினமும் காலையில் கூப்பிடுவார். மேனகா கண்ணைத் திறந்தும் திறக்காமலும் ஸ்பீக்கரைப் போட்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதப் போனதையும் பேனாவில் மோர் வந்ததையும் சொல்வாள். பாதியில் நின்றுவிடும். “அப்புறம் தெரியலீங்கப்பா” என்பாள். அவர் அதற்குப் பலன் சொல்வார். பிறகு அத்தையின் கனவு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்), மாமனாரின் கனவு. செய்தி வாசிக்கிற மாதிரி எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கேட்பார்: “மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் வந்துச்சா அம்மிணி?”

நாலு மாதமாக மேனகா “இல்லீங்கப்பா” என்று சொல்லி வந்தாள். இன்றைக்கு அவர் பதிலுக்கு “பாவம்” என்றார். சோறு கிடைக்காதவனைச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. போனை வாங்கி, ஒரு யானை கடைக்கு வந்து மெத்தை கேட்டது என்றேன். பெரிய அளவு இல்லை என்றேனாம், இரண்டைச் சேர்த்துத் தைக்கச் சொன்னதாம், விலையைக் குறைக்கச் சொன்னதாம், குறைத்துக் கொடுத்தேனாம்.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். யானை எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்டார். கிழக்கு என்றேன். யோகம் என்றார்.

ஜனவரி 8, புதன்

ஆற்றில் வெள்ளம் என்று சொன்னேன். கலங்கலா தெளிவா என்று கேட்டார். தெளிவு என்றேன். நல்லதாம்.

ஜனவரி 11, சனி

இந்தத் தொழிலில் இருந்தால் மனிதர்கள் எப்படித் தூங்குவார்கள் என்று படுக்கிற தினுசிலேயே தெரிந்துவிடும். சிலர் மெத்தையை முஷ்டியால் குத்திப் பார்த்துவிட்டு, படுக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு வீட்டிலும் தூக்கம் வராது. சிலர் செருப்பைக் கழற்றி, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு விறைப்பாகப் படுப்பார்கள். புதுத் தம்பதிகள் உட்கார்ந்து மட்டும் பார்ப்பார்கள். இன்றைக்கு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இலவம்பஞ்சு மெத்தையில் சாய்ந்தவர் அப்படியே குறட்டைக்குப் போய்விட்டார். எழுந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். போகும்போது, கனவில் தன் சைக்கிள் மரத்தில் காய்த்துத் தொங்கியதாகச் சொன்னார். நாளைக் காலைக்கு எனக்கு அது போதும்.

மேனகா வேறு ரகம். புரண்டு புரண்டு படுப்பாள், தலையணையைத் திருப்பிப் போடுவாள், எழுந்து தண்ணீர் குடிப்பாள். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்தான் அதற்குள் போய்விடுகிறேனே.

மாமனார் இப்போதெல்லாம் என்னுடைய கனவைத்தான் முதலில் கேட்கிறார். எங்கள் வீட்டில் காலையில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. நான் மூன்றாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா விடிவதற்கு முன்பே மில்லுக்குக் கிளம்பிவிடுவார். அது கிடக்கட்டும். பெரியவர் கேட்கிறார், மரியாதைக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 15, புதன்

தலைப்பொங்கலுக்கு மாமனார் தோட்டத்துக்கு வந்திருக்கிறோம். டைரியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வந்த சொந்தபந்தம், ஒறம்பரை எல்லோரிடமும் மாமனார் என் கனவுகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சைக்கிள் காய்த்த மரத்துக்கு நல்ல வரவேற்பு. “எம் மாப்பிள்ளை கனவுக்கு ஈடு கெடையாது” என்று அவர் சொன்னபோது வெட்கமாகவும் இருந்தது, இனி தரத்தைக் குறைக்க முடியாதே என்று கவலையாகவும் இருந்தது.

அவருக்கு என்று நல்ல மெத்தை ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். தடவிப் பார்த்துவிட்டு, தனக்குக் கயிற்றுக் கட்டில்தான் சரி என்று சொல்லிவிட்டார். மத்தியானம் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டப் பட்டிக்கு நடந்தவர் பாதி வழியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. பொங்கல் அதிகம் சாப்பிட்டது என்றார். அவர் சாப்பிட்டது ஒரு கரண்டிதான். நான்தான் பரிமாறினேன்.

ஜனவரி 22, புதன்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்கள் மூன்றில் அடைப்பு. பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் எப்போது வேண்டுமானாலும் அட்டாக் வரலாம், அது வந்தால் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். பிப்ரவரி பன்னிரண்டுக்கு நாள் குறித்தாயிற்று. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மாமனாரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் அவினாசி வரும்வரை வாய் திறக்கவில்லை.

மேனகா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை. கார் ஓட்டுகிறவருக்குத் துணையாக முழித்திருந்தேன்.

ஜனவரி 29, புதன்

கனவு தீர்ந்துகொண்டிருக்கிறது. இன்று ஓணான் ஒன்று தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். எனக்கே திருப்தி இல்லை. ஆனால் மனுசர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அவர் சிரிப்பது காலையில் அந்த ஒரு தடவைதான் என்று அத்தை சொன்னார்.

பிப்ரவரி 3, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காலையில் ஒன்றும் தோன்றவில்லை. தெருக்கோடி மண்டபத்தில் முகூர்த்தம், நாதஸ்வரம் வீடுவரை கேட்டது. சரி, இதுவே இருக்கட்டும் என்று, “ஒரு பெரிய கண்ணாலமுங்க மாமா. நீங்க பட்டு வேட்டி கட்டி முன்னாடி உக்காந்திருக்கறீங்க. எல்லாரும் உங்களைத்தான் பாக்கறாங்க” என்றேன். சந்தோஷமாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் சொன்னேன்.

வழக்கம்போல ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “செரிங்க மாப்பிள்ளை” என்றார். வைத்துவிட்டார்.

மேனகாவைப் பார்த்தால் முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் கணக்கில் கனவில் கல்யாணம் கண்டால் சாவு. அதிலும் யார் புது வேட்டி கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குத்தான். அவள் பெரியப்பா போவதற்கு முன்னால் இதே மாதிரி வந்ததாம். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதியாம். கனவே பேசாத வீட்டில் வளர்ந்தவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பிப்ரவரி 4, செவ்வாய்

அத்தை கூப்பிட்டார். மாமனார் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கும் அவரே போன் போட்டு ரத்து செய்துவிட்டாராம்.

பிப்ரவரி 5, புதன்

நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கல்யாணம் கண்டால் சாவு என்றால், சாவு கண்டால் நல்லது என்றும் ஒரு கணக்கு இருக்கிறதாம். மேனகாதான் அழுகைக்கு நடுவே சொன்னாள். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. காலையில் போன் வந்ததும் உற்சாகமாக, “மாமா, ராத்திரி நீங்க செத்துப் போனாப்ல கண்டனுங்க” என்று ஆரம்பித்தேன். பாடை, சங்கு, நெய்ப்பந்தம் எல்லாம் குறைவில்லாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது அத்தை. மாமனார் பால் கறக்கப் போயிருந்தாராம்.

அத்தையைச் சமாதானப்படுத்த மேனகாவுக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகு மாமனார் போனை வாங்கிக் கேட்டுவிட்டு, முந்தின கனவை இது அழிக்காது என்று நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்.

பிப்ரவரி 6, வியாழன்

மேனகாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். யானையிலிருந்து கல்யாணம்வரை எல்லாமே இட்டுக்கட்டியது என்று.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே, ஒன்றுகூடவா நிஜம் இல்லை என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்கப்பா உசுரு போனா நான் உங்களை மன்னிக்கவே மாட்டனுங்க. நீங்களே போயிச் சொல்லுங்க. போன்ல வேண்டாம். மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

வெந்ததோ வேகாததோ, அந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். இன்று யாரையும் மெத்தையில் படுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. மேனகா பேசாமல் இருப்பது ஒரு பயம். அந்த மனிதர் காலையில் கூப்பிடாமலே போய்விடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

பிப்ரவரி 8, சனி

கடையைச் சாத்திவிட்டு மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். மொபெட்டில் போகிற வழி முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்தார். முகம் மட்டும் கொடுக்கவில்லை.

மாமனார் தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே, அந்தக் கல்யாணக் கனவு இருக்கிறதே என்று இழுத்தேன்.

“பொய்யின்னு தெரியுங்க மாப்பிள்ளை” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்காரச் சொன்னார். யானை வந்த அன்றே தெரியுமாம். யானை மெத்தை கேட்டதுவரைக்கும் நம்பினாராம். பேரம் பேசி, விலை படிந்து, வாங்கிக்கொண்டு போனது என்றதும் தெரிந்துவிட்டதாம். நிஜக் கனவு கண்டவன் பாதியில் திருதிருவென்று முழிப்பானாம், நான் மட்டும் ஒவ்வொரு கனவையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிடுவேனாம். ஆனாலும் தினம் ஒன்று யோசித்து ஒரு மனுசன் தனக்காகச் சொல்கிறானே என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

பொய் என்று தெரிந்தும் ஏன் ஆபரேஷனை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் மேலே தென்னை ஓலையைப் பார்த்தார்.

“அந்த மயக்க டாக்டரு சொன்னாருங்க. ஊசி போட்டா கண்ணை மூடுவீங்க, அப்புறம் தொறப்பீங்க, நடுவுல ஒண்ணுமே இருக்காதுன்னாரு. கனவு வருமுங்களான்னு கேட்டேன். சிரிச்சுப்போட்டு, வராதுங்கன்னாரு. எனக்குக் கண்ணசந்தாக்கூடக் கனவு வருமுங்க. எங்கய்யன் செத்த அன்னிக்குக்கூட வந்துச்சு. கனவு வந்தா, நாம இருக்கறோம்னு தெரியுது. அதுவும் இல்லாத தூக்கத்துல போயி மாட்டிக்கிட்டா எப்படிங்க திரும்பி வர்றது? பயமா இருக்குதுங்க மாப்பிள்ளை. இதைப் பொம்பளைங்ககிட்டச் சொல்ல முடியுமா? நீங்க கண்ணாலம்னு சொன்னீங்க. சாக்குக் கெடைச்சுதுன்னு புடிச்சுக்கிட்டேன்.”

எழுபது வயது மனிதர். காடு மேடெல்லாம் தனியாகச் சுற்றியவர். அவர் பயம் என்று சொல்கிறார். என்ன சொல்வதென்று யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது.

“மாமா, நான் தெனமும் ராத்திரி அங்கதானுங்க போறேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். யானை எந்தத் திசையில் நின்றது என்று கேட்ட அதே அக்கறை. அங்கே இருட்டாக இருக்குமா என்று கேட்டார். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றேன். மூச்சு முட்டுமா? முட்டாது. ரொம்ப நேரம் இருக்கிற மாதிரித் தோன்றுமா? படுத்த அடுத்த நொடி விடிந்த மாதிரிதான் இருக்கும்.

“திரும்பி வர வழி?”

“வழி எதுவும் தேட வேண்டாமுங்க மாமா. அதுவே கொண்டாந்து விட்டுரும். எனக்கு இத்தனை வருசத்துல ஒரு நாளும் தவறுனதில்லீங்க.”

தாடையைத் தடவிக்கொண்டார். அப்புறம் கட்டிலை விட்டு எழுந்தார்.

“எங்க, தூங்கிக் காட்டுங்க பார்க்கலாம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கட்டிலைக் காட்டிக்கொண்டு நின்றார். மாமனார் முன்னால் மாப்பிள்ளை காலை நீட்டிப் படுப்பதாவது என்று கூச்சப்பட்டேன். படுங்க என்றார். படுத்தேன். கயிறு முதுகில் அழுத்தியது, மெத்தைக் கடைக்காரனுக்கு இது தேவைதான் என்று நினைத்தேன். நினைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் தோப்பின் அந்தப் பக்கம் போயிருந்தது. மாமனார் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறார். எனக்கு நினைவு தெரிந்து யாரும் எனக்கு ஈ ஓட்டியதில்லை.

ஏதாவது வந்ததா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

“மூஞ்சி கொழந்தை மாதிரி இருந்துச்சுங்க. எந்தப் பக்கமும் அலையல” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “செரி. டாக்டருகிட்ட வேற தேதி கேளுங்க” என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பத்தொன்பதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நடந்ததை எல்லாம் மேனகாவிடம் சொன்னேன். அப்பா பயந்துவிட்டார் என்றதும் அழுதாள். நான் தூங்கிக் காட்டியதைச் சொன்னதும் சிரித்தாள். ராத்திரி என்னிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியாது, பாதியில் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவை. எப்படித் தூங்குவது என்றே மறந்துவிட்டது. கண்ணை மூடினால் தூக்கம் வரும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மேனகாவிடம் எப்படி என்று கேட்டேன். அவளும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

காலையில் மாமனாரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது கூடவே கதவுவரைக்கும் நடந்தேன். பச்சை அங்கியில் சின்னப் பையன் மாதிரி இருந்தார். அத்தைக்கும் மேனகாவுக்கும் தைரியம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “அப்ப, போயிட்டு வர்றனுங்க மாப்பிள்ளை” என்றார். பஸ் ஏறப் போகிறவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நானும், போயிட்டு வாங்க மாமா என்றேன். கதவு மூடியதும்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. தூங்கத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? நான் எழுந்து வருவதும் நெஞ்சைத் திறந்து வைத்த மனிதர் எழுந்து வருவதும் ஒன்றா? அவர் என்னை நம்பி உள்ளே போயிருக்கிறார். அவர் வராவிட்டால் நான் இனி எந்த முகத்தோடு படுத்துத் தூங்குவேன்?

மத்தியானம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் வெளியே வரவில்லை.

சாயங்காலம்: ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாகச் செய்தாயிற்று என்று டாக்டர் சொன்னார். ஆனால் கண் விழித்தால்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் நர்ஸ் வந்து, பெரியவர் விழித்துவிட்டார், ஒருவர் மட்டும் பார்க்கலாம் என்றார். மேனகா எழுந்தாள். நர்ஸ் அவளை நிறுத்தி, மாப்பிள்ளையைத்தான் கேட்கிறார் என்றார். மேனகா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

உடம்பெல்லாம் ஒயர். வாயில் இருந்த குழாயை எடுத்திருந்தார்கள், உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் போய் மாமா என்றேன். என்னைத் தேடிக் கண்டுபிடிக்க அவர் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையைத் தூக்க முடியவில்லை, விரலை மட்டும் அசைத்தார். பிடித்துக்கொண்டேன். குரல் எழும்பாமல் காற்றாகத்தான் வந்தது. காதைக் கொண்டுபோய்க் கேட்டேன்.

“வந்துட்டனுங்க மாப்பிள்ளை.”

அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் நர்ஸைப் பார்த்துப் பதறினேன், இது வெறும் தூக்கம்தான் என்று அவர் சொன்னார். மூடிய இமைக்குள் கண் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. என்னவோ காண்கிறார்.

வெளியே வந்ததும் அழுகை வந்துவிட்டது. கைக்குட்டைகூட இல்லை, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டேன். அத்தை சாமி பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்தார். மேனகா பயந்துபோய் ஓடிவந்து, “அப்பா என்னங்க சொன்னாரு?” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

வந்துட்டாரு என்றேன்.